பட்டறைக்கு ஒரு நல்ல வாசகம்

“‘தீர்வுகள்’னு போட்டிருக்குதே அம்மிணி, யாருக்கு என்ன பிரச்சினைன்னு ஒரு எடத்துலயும் காணமே?”

ராசப்பன் செல்போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். பிறகு கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார். ஆறு லாரிக்குச் சொந்தக்காரர். நாமக்கல் லாரி ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில், வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முழுசாப் படிங்கண்ணா. ‘ஒருங்கிணைந்த சரக்குப் போக்குவரத்துக் கட்டமைப்புத் தீர்வுகள்.’ அப்படின்னா லாரிக்குப் பாடி கட்டறமுன்னு அர்த்தம்” என்றாள் அமுதவல்லி.

“அதைய அப்படியே எழுதறதுக்கென்ன?”

“மொதல்ல அப்படித்தானுங்கண்ணா எழுதியிருந்துது.”

“அப்பறம் எதுக்கு மாத்துனீங்க?”

அவள் பேனாவைத் திறந்தாள். மடியிலிருந்த காகிதத்தில் ஒன்பதாவது கேள்விக்கு எதிரே ‘புரியவில்லை’ என்று எழுதினாள். முதல் எட்டுக் கேள்விக்கும் எதிரே அதைத்தான் எழுதியிருந்தாள்.

சேலம் சாலையில் இருக்கும் வசந்தாமணி பாடி ஒர்க்ஸில் அமுதவல்லி பதினாறு வருடமாக வேலை பார்க்கிறாள். முதலாளி சென்னியப்பன் தன் மனைவியின் பெயரில் ஆரம்பித்த பட்டறை. அங்கே எழுத்து என்று எது வந்தாலும் அது அமுதவல்லியின் மேஜைக்குத்தான் வரும். கொட்டேஷன், கோயில் நன்கொடைக் கடிதம், ஆயுத பூஜை அழைப்பிதழ், சொந்தக்காரர் செத்துப்போனால் கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அவள் கைவண்ணம். பதினான்கு மாதத்துக்கு முன்னால் சேலத்து ஆட்கள் வந்து பட்டறைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார்கள். உள்ளே என்ன போடுவது என்று கேட்டபோது, மத்தியானச் சாப்பாட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து அவள் மூன்று வரி எழுதிக் கொடுத்தாள்.

‘லாரிக்குப் பாடி கட்டித் தருகிறோம். சொன்ன தேதிக்கு வண்டி கிடைக்கும். முதல் மழைக்கு ஒழுகினால் வீடு தேடி வந்து சரிசெய்து தருவோம்.’

அவ்வளவுதான். பதினான்கு மாதத்தில் அதைப் பார்த்து ஒரு போன்கூட வரவில்லை.

இதற்கிடையில் சாலையோரம் புதுப் பட்டறைகள் முளைத்துவிட்டன. வருகிற வேலை குறைந்தது. இரண்டாவது தகரச் செட்டில், பாடி கட்ட வந்த லாரி சேஸ் ஒன்றே ஒன்று, அதுவும் பாதி வேலையில் நின்றது. அந்தச் செட்டில் ஒன்பது பேருக்கு வேலை. “ஆவணி கடைசி வரைக்கும் பாப்போம். புதுசா ஆர்டர் வரலீன்னா அந்தச் செட்டைப் பூட்டிட வேண்டியதுதான்” என்று சென்னியப்பன் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து பெயின்டர் கந்தன் தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, “அக்கா, போன் வந்துச்சுங்களா?” என்று கேட்பான். வண்டியின் பின்பக்கம் தாமரையும் மயிலும் எழுதுகிற கை. இரண்டு மாதமாக அவன் பிரஷ்ஷைக் கழுவிக் காயவைப்பதோடு சரி.

“இன்னும் இல்ல கந்தா” என்பாள். இந்த மூன்று வார்த்தை சொல்வதுதான் அவளுக்கு நாளின் கடினமான வேலையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மகன் சந்தோஷ்குமார் பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்து இறங்கினான். வெப்சைட்டைத் திறந்து பார்த்தான். மூன்று வரியையும் மூன்று தடவை படித்தான்.

“அக்கா, நம்ம மெசேஜிங் சரியில்ல.”

அமுதவல்லி பதறிப்போனாள். “எந்த மெசேஜுங்க தம்பி? நான் பட்டறை குரூப்ல காலைல குட்மார்னிங் மட்டுந்தான் போடறேன்.”

“அதில்லக்கா. வெப்சைட்ல நாம பேசற தோரணை. கஸ்டமர் மனசுல போய் உக்காரணும்.”

உட்காருவதற்காக அவன் போட்ட வாசகந்தான் ‘ஒருங்கிணைந்த சரக்குப் போக்குவரத்துக் கட்டமைப்புத் தீர்வுகள்.’ அதற்கும் போன் வரவில்லை. உடனே அவன், நாமாக யோசித்துப் பயனில்லை, டார்கெட் ஆடியன்ஸிடமே, அதாவது லாரிக்காரர்களிடமே, கருத்துக் கேட்டுவிடலாம் என்று பன்னிரண்டு கேள்விகள் தயார் செய்தான். கேள்விகளை அவன் தயார் செய்ததால், கேட்கிற வேலை அமுதவல்லிக்கு வந்தது.

“ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க அம்மிணி” என்று ராசப்பன் போனைத் திருப்பிக் கொடுத்தார். “நான் வண்டிய வாங்கி உடறதோட சரி. ராப்பகலா அதுக்குள்ளயே கெடக்கறவன் டிரைவர். அவனைக் கேளு, சரியாச் சொல்லுவான். ஆவணி பொறந்ததும் ஒரு புது சேஸ் எடுக்கறேன். பாடி உங்ககிட்டத்தான்.”

பல மாதத்துக்குப் பிறகு காதில் விழுந்த நல்ல சேதி. அமுதவல்லி அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, டிரைவரைத் தேடிப் போனாள்.

ராசப்பனின் டிரைவர் கண்ணுசாமி, வண்டி நிழலில் அரிசி களைந்துகொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடமாக ஸ்டியரிங் பிடிப்பவர். அவரிடம் இதுவரை யாரும் கருத்து என்று ஒன்றைக் கேட்டதில்லை. அதனால் பன்னிரண்டு கேள்விக்கும் ஒரே மூச்சில் பதில் சொன்னார்.

“காலை நீட்டிப் படுக்கோணும், அம்மிணி. அது போதும். இந்த கேபின்ல நான் காலை நீட்டுனா கதவு தொறந்துக்குது. ஒரு பேன் இருந்தாத் தேவல. தலைமாட்டுல தண்ணி பாட்டல் வெக்க ஒரு எடம். இதையெல்லாம் யாருங்க கேக்கறாங்க? நீங்க கேட்டீங்க. நல்லாருப்பீங்க.”

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அமுதவல்லி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். அடுத்த நாளே வெப்சைட்டில் வாசகம் மாறியது. ‘அலுங்காமல் குலுங்காமல் நிம்மதியான உறக்கம்! காலை நீட்டிப் படுக்கலாம். காற்றாட விசிறி.’

மூன்றாவது நாள் ராசப்பன் ஆபீஸுக்குள் செருப்போடு வந்தார்.

“ஏம்மிணி, நான் தூங்கறதுக்கா வண்டி வாங்கறேன்? உங்க வெப்சைட்டக் கொண்டாந்து எங்கிட்டயே காட்டறான் கண்ணுசாமி. ‘பட்டறைக்காரங்களே சொல்லீட்டாங்க, மெத்தை போட்டுக் குடுங்க, பேன் போட்டுக் குடுங்க’ங்கறான். குடுத்தாத்தான் சாவியத் தொடுவானாமா. ரெண்டு நாளா வண்டி நிக்குது!”

“அண்ணா, நீங்கதானுங்க டிரைவரைக் கேக்கச் சொன்னீங்க…”

“கேக்கச் சொன்னேன். அவன் சொன்னதைய எழுதச் சொன்னனா?”

புது சேஸை வேறு பட்டறைக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கையிலிருந்த ஒரே புது ஆர்டரும் போயிற்று. அமுதவல்லி காகிதத்தில் ராசப்பன் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் ‘புரிந்துவிட்டது’ என்று எழுதினாள்.

சென்னியப்பன் இதைக் கேட்டதும் தலையில் கையை வைத்துக்கொண்டார். முதலாளியம்மா வசந்தாமணிதான் புது வழி சொன்னாள். மகனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், கேரியரைத் திறந்துகொண்டே சொன்னாள்.

“எல்லாரையுங் கேட்டீங்க, பொம்பளைங்களக் கேட்டீங்களா? ஊட்டுல அவ தலையாட்டாம எவன் லாரி வாங்கறான்? நகைய வெச்சு வாங்கறதுன்னா அது யாரு நகை? பொம்பளை மனசுக்குப் புடிக்கற மாதிரி எழுதுங்க. நமக்கெல்லாம் வண்டி வாரதுன்னா ஊட்டுக்குப் புள்ள வார மாதிரி.”

“சூப்பர்மா! இதான் இமோஷனல் கனெக்ட்” என்றான் சந்தோஷ்குமார், வாயில் சோற்றோடு.

அமுதவல்லிக்கு அது வேண்டாம் என்று பட்டது. ஆனால் முதலாளியம்மா சொன்னதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. பட்டறையே அவள் பெயரில் இருக்கிறது. எழுதினாள். ‘உங்கள் வீட்டுக்குப் புது வரவு! பார்த்துப் பார்த்துச் செய்து, பட்டுப்போல் உங்கள் கையில் தருவோம்.’ மேலே மஞ்சள் பூசிய ஒரு பெண் சிரிக்கிற படம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டையாம்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் சென்னியப்பன் பக்கத்தில் உட்கார்ந்த சொந்தக்காரர், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

“ஏனுங்க மாமா, பிரசவ ஆசுபத்திரி ஆரம்பிச்சுட்டீங்களாமா? போன்ல பாத்தேன். நல்ல காரியமுங்க. சுகப்பிரசவம் பாப்பீங்களா, இல்ல எல்லாத்துக்கும் ஆபரேசன்தானுங்களா?”

திங்கட்கிழமை சென்னியப்பன் ஆபீஸுக்கு வந்த வேகத்தைப் பார்த்து, கேட்டில் படுத்திருந்த நாய் எழுந்து வழிவிட்டது.

“போதும். ஒருத்தர் சொன்னதை எடுத்துட்டு இன்னொருத்தர் சொன்னதைப் போடறதாலதான் இத்தன வம்பு. எல்லாரு சொன்னதையும் போட்டுடு அம்மிணி. ஆருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்.”

“எல்லாத்தையுமுங்களா?”

“எல்லாத்தையும்.”

போட்டாள். மேலிருந்து கீழே வரிசையாக நின்றன: உங்கள் வீட்டுக்குப் புது வரவு. நிம்மதியான உறக்கம். பாடி கட்டித் தருகிறோம். சொன்ன தேதிக்கு முடியும். வீடு தேடி வருவோம்.

கந்தன் ஆபீஸ் வாசலில் நின்று அதைத் தன் போனில் மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தான். படித்து முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

“அக்கா, பொறக்கறதுல இருந்து பாடி எடுக்கற வரைக்கும் எல்லாமே இங்கியே பண்றமுங்களா?”

அமுதவல்லி அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ‘பாடி’ என்கிற சொல்தான் இடைஞ்சல், நல்ல தமிழில் ‘கூண்டு’ என்று போட்டுவிடலாம் என்று சந்தோஷ்குமார் கண்டுபிடித்தான். ‘கூண்டு கட்டித் தருகிறோம்’ என்று மாற்றிவிட்டு அமுதவல்லி டீக்கடைக்குப் போய், பெஞ்சில் யார் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவரிடம் போனை நீட்டினாள். அவர் படித்தார். முகம் மலர்ந்தது.

“நல்லதாப் போச்சுங்க. ஒரு கூண்டுக்கு எத்தன கோழி புடிக்கும்?”

கோழிப்பண்ணை ஊரான நாமக்கல்லில் கூண்டு என்றால் வேறென்ன? அவள் போனை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். சாலையைக் கடக்கும்போது, முட்டை ஏற்றிய வண்டி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே போனது. அந்த வண்டிக்கு யார் பாடி கட்டினார்களோ, பின்கதவில் எழுத்து நன்றாக இருந்தது. நின்று பார்த்தாள். இதே வேலையை நல்லவிதமாகச் செய்கிற ஒன்பது பேர் தன் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

பிறகும் வாசகம் நான்கு முறை மாறியது. காகிதக்கட்டு அரை அடி உயரத்துக்கு வளர்ந்தது. ஆபீஸ் போன் மட்டும் மேஜை மூலையில் வாய் திறக்காமல் கிடந்தது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவளே ஒருநாள் தன் செல்போனிலிருந்து அதற்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்தது. இரண்டாவது செட்டிலிருந்து ஒன்பது பேரும் ஓடிவந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிய நாள்தான் அந்த மாதத்திலேயே மோசமான நாள்.

ஆவணி கடைசி வாரம். சென்னியப்பன் அவள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். மேஜைமேல் விரலால் கோடு போட்டார்.

“அம்மிணி, செட்டைப் பூட்டறதுக்கு ஒரு அறிவிப்பு எழுதோணும். நீதான் எழுதோணும். கொஞ்சம் மனசு நோகாம எழுது.”

“சரிங்க.”

“நாலு வரி போதும்.”

வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டாள். பதினாறு வருடத்தில் அவளுக்கு வாசகம் வராமல் போனது அன்றைக்குத்தான். ‘அன்புள்ள’ என்று எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். இதற்கு எந்த டார்கெட் ஆடியன்ஸிடம் போய்க் கருத்துக் கேட்பது?

“அக்கா” என்று கந்தன் குரல் கேட்டது.

“போன் வரல கந்தா” என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

“போன் இல்லீங்க. ஆளே வந்திருக்குதுங்க. நம்ம வெப்சைட்டுக்கு எழுதறவங்களப் பாக்கோணுமாமா.”

அமுதவல்லியின் கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது.

வாசலில் முப்பது வயதுள்ள ஒரு பெண் நின்றாள். நல்ல பட்டுச்சேலை. கையில் கனமான துணிப்பை. வெளியே புத்தம்புது ஸ்கூட்டர். செய்தி எப்படிப் பரவியதோ, சந்தோஷ்குமார் ஏ.சி. அறையிலிருந்து ஓடிவந்தான். சென்னியப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்பது தலைகள் தெரிந்தன.

“என் பேரு ரஞ்சனிங்க. நாமகிரிப்பேட்டைல இருந்து வாரேன். வெப்சைட்டுல எழுதறவங்க…”

“நான்தானுங்க” என்றாள் அமுதவல்லி.

ரஞ்சனி சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டாள். அமுதவல்லி பதறிப் பின்வாங்கினாள்.

“அய்யோ, என்னங்க இது!”

“உங்க எழுத்துனாலதானுங்க்கா எங்க குடும்பமே நிமுந்துது. ஒண்ணரை வருசத்துக்கு முந்தி சாப்பாட்டுக்கே கஷ்டம். எங்க ஊட்டுக்காரரு தெனமும் உங்க பட்டறை பேரைச் சொல்லித்தான் வெளக்குப் போடறாரு. இது எங்க ஊரு மஞ்சளுங்க. வேண்டாங்காம வாங்கிக்கோணும்.”

சென்னியப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் யாரோ தன் பட்டறையின் பெயரைச் சொல்லி விளக்கேற்றுகிறார்கள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. “உக்காரு சாமி, மொதல்ல உக்காரு. கந்தா, ஒரு டீ சொல்லு” என்றார்.

சந்தோஷ்குமார் இருப்புக்கொள்ளாமல் பன்னிரண்டு கேள்விக் காகிதத்தை எடுத்தான். “மேடம், ஒரு சின்ன ஃபீட்பேக். எங்க வெப்சைட்டைத் தொடர்ந்து பாக்கறீங்களா?”

“தெனமும் காலைல பாத்துருவமுங்க. அதைப் பாக்காமப் பட்டறை தொறக்கறதில்ல.”

அவன் அப்பாவைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தான். “எத்தனையோ வாசகம் மாத்தினோம். எது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது?”

“மொதல் மொதல்ல போட்டிருந்தீங்க பாருங்க, மூணே வரி. லாரிக்குப் பாடி கட்டித் தாரோம், சொன்ன தேதிக்குக் கெடைக்கும், ஒழுகுனா ஊடு தேடி வாரோமுன்னு. அதாட்டம் எழுத்து இந்தச் சில்லாவுலயே இல்லீங்க. ஆளுக்கு நம்பிக்கை வருதுங்க.”

அமுதவல்லி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடத்தில் எழுதிய மூன்று வரி. வெயிலில் அலைந்ததும், திட்டு வாங்கியதும், அரை அடிக் காகிதமும் எல்லாம் அவள் கண்முன் ஒருமுறை வந்து போயின.

“அப்பறம் போட்டதெல்லாம்?” என்று சந்தோஷ்குமார் இழுத்தான்.

“தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. அந்த ‘தீர்வு’ன்னு போட்டீங்க பாருங்க, அதுல இருந்தே எறங்குமுகந்தானுங்க. நடுவால கொஞ்ச நாள் எல்லாம் கோழிப்பண்ணைக்காரங்க. அதைச் சொல்லத்தான் எங்க ஊட்டுக்காரரு என்னை அனுப்பிச்சாரு. நீங்க பெரிய மனுசங்க, சொன்னாக் கேட்டுக்குவீங்கன்னாரு.”

எதில் இறங்குமுகம், யார் அந்தக் கோழிப்பண்ணைக்காரர்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சென்னியப்பன் மேஜையைத் தட்டினார். பதினாறு வருடத்தில் அவர் அமுதவல்லியைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

“அம்மிணி, அந்த மூணு வரியவே திருப்பிப் போட்டுடு. இப்பவே போடு. செட்டைப் பூட்டற பேச்சையும் இன்னும் ரெண்டு மாசத்துக்குத் தள்ளி வெய்யி.”

ஜன்னலுக்கு வெளியே கந்தன் கைதட்டினான். அமுதவல்லி ‘அன்புள்ள’ என்று எழுதியிருந்த தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பல மாதத்துக்குப் பிறகு தோள் லேசாக இருந்தது. நிமிடத்தில் மூன்று வரியும் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தன. எல்லோருமாகக் குனிந்து திரையைப் பார்த்தார்கள்.

சந்தோஷ்குமார் தோல்வியை ஒத்துக்கொண்டவன் மாதிரி பெருமூச்சு விட்டான். இருந்தாலும் காகிதத்தில் ஒரு கேள்வி பாக்கியிருந்தது. “வேற எதையாவது மாத்தணுமா மேடம்?”

ரஞ்சனி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

“வேற ஒண்ணையும் தொட்டுறாதீங்க சாமி, அதுலயும் கீழ போட்டிருக்கற போன் நம்பர மட்டும் எப்பவும் மாத்தவே மாத்தாதீங்க, கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டிங் வெச்சிட்டிருந்த எங்க ஊட்டுக்காரரு, அவரு நம்பர நீங்க அதுல போட்டு உட்டதுனாலதானுங்க இன்னைக்குப் பதினஞ்சு ஆளை வெச்சு லாரிக்குப் பாடி கட்டிட்டிருக்காரு!”